வைக்கோல் பலகை மெஷினுக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்

வைக்கோல், உமி, தேங்காய் மட்டை இதையெல்லாம் அரைத்து, கெமிக்கல் இல்லாத தாவரப் பசை சேர்த்து அழுத்தினால் பலகை வரும், மாதம் இவ்வளவு லாபம் வரும் என்று சொல்லும் வீடியோக்கள் இப்போது நிறைய சுற்றுகின்றன. எனக்குத் தெரிந்தே நீடாமங்கலம், மன்னார்குடி பக்கம் சிலர் இதைப் பற்றி விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். பலகை வருவது உண்மைதான். நானே செய்துகொண்டிருக்கிறேன். ஆனால் அந்த வீடியோக்களில் சொல்லாத விஷயங்களுக்காக நான் நாலு லட்சத்துக்கும் மேல் செலவழித்தேன், இரண்டு சம்பா அறுவடை போயே போய்விட்டது, என் நகை இன்னும் முழுதாக வீடு திரும்பவில்லை. கேட்க ஆளில்லாமல் தனியாகத் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டதை எழுதி வைக்கிறேன். யாராவது ஒருவருடைய அட்வான்ஸ் பணம் தப்பினாலும் எனக்குச் சந்தோஷம்.

முதலில் வைக்கோல் விஷயம். டெல்டாவில் வைக்கோலுக்கா பஞ்சம் என்றுதான் எல்லோரும் நினைப்போம். தை, மாசியில் மெஷின் அறுவடை முடிந்ததும் வயல் முழுக்கக் கிடக்கும், அப்புறம் பேலர் வந்து உருளை உருளையாகக் கட்டிப் போட்டுவிட்டுப் போகும். அந்த இரண்டு மூன்று வாரம் விலை மலிவு. அதற்குப் பிறகு வெளி மாவட்ட வியாபாரிகள் லாரி கொண்டுவந்து அள்ளிவிடுவார்கள். மாட்டுக்காரர்கள், காளான் போடுபவர்கள், பேக்கிங்குக்குக் கேட்பவர்கள் எல்லோரும் அதே வைக்கோலுக்குத்தான் நிற்கிறார்கள். வைகாசியில் போய்க் கேட்டால் இரண்டு மடங்கு விலை சொல்வார்கள். அது கழிவு இல்லை, தீவனம். இந்தக் கணக்கைப் போடாமல் எந்தத் திட்ட அறிக்கையையும் நம்பாதீர்கள். குறுவை வைக்கோல் புரட்டாசி மழையில் நனைந்தே வரும், அதைத் தொடவே வேண்டாம். வெளியே காய்ந்த மாதிரி இருக்கும், உருளையைப் பிரித்தால் நடுவில் கறுத்துப் பூஞ்சை பிடித்து, கையை வைத்தால் சூடு தெரியும். சம்பா, தாளடி வைக்கோலை மாசிக்குள் வாங்கி, தரையில் படாமல் கட்டையோ பேலட்டோ போட்டு, கூரைக்குக் கீழே அடுக்க வேண்டும். எங்கள் களத்துக் கொட்டகையை அதற்கு ஒழித்துக் கொடுக்க மாமாவை ஒத்துக்கொள்ள வைத்ததே பெரிய பாடு. “ஏம்மா, மாட்டுக்குப் போடுறதைப் போய் மெஷின்ல போடுறியே” என்றார். மாடு வைத்திருப்பவருக்கு அந்த வருத்தம் நியாயம்தான்.

அரைக்கும்போதே அடுத்த பிரச்சினை. உருளையைக் கட்டிய கயிற்றை ஒன்றுவிடாமல் உருவி எடுத்துவிட்டுத்தான் சுழலும் சுத்திகளால் அடித்து அரைக்கிற ஹேமர் மில்லில் போட வேண்டும். நைலான் கயிறு ஒரு முழம் உள்ளே போனால் தண்டில் சுற்றிக்கொண்டு பேரிங்கைச் சூடாக்கிவிடும். வைக்கோல் தூசு பறக்கிற இடத்தில் அந்தச் சூடு ஆபத்து. வயலிலிருந்து ஆணி, கம்பித் துண்டு வருவதும் உண்டு, அதனால் போடுகிற வாயில் ஒரு காந்தத்தைப் பொருத்துங்கள். இன்னொன்று, நெல் வைக்கோலில் சிலிக்கா அதிகம். எரித்துப் பார்த்தால் கிடைக்கிற சாம்பலில் பெரும்பகுதி அதுதான், உமியில் இன்னும் கூடுதல். மரத்தை அரைக்கிற பிளேடு, சுத்தி, சல்லடை எல்லாம் இதில் சீக்கிரமே தேய்ந்துவிடும். விற்றவர் ஒரு செட் சுத்தி வருடக்கணக்கில் வரும் என்றார். எனக்கு ஒரு சீசன்கூட வரவில்லை. அந்தத் தூசு நுரையீரலுக்கும் நல்லதில்லை. துண்டைக் கட்டிக்கொண்டால் போதும் என்று வேலைக்கு வந்த அக்கா சொன்னார், ராத்திரியெல்லாம் இருமினார். அதிலிருந்து என்95 மாஸ்க் இல்லாமல் மில் பக்கம் யாரையும் விடுவதில்லை.

இனி பிரஸ். என் பணத்தில் பெரும்பங்கு தின்றது இதுதான். கோயம்புத்தூர் பக்கம் ஒருவரிடம் இரண்டுக்கு இரண்டு அடி ஹாட் பிரஸ் (சூடான இரண்டு தட்டுகளுக்கு நடுவில் அழுத்தும் மெஷின்), 50 டன், எலெக்ட்ரிக் ஹீட்டர், எல்லாம் சேர்த்து 2 லட்சத்து 30 ஆயிரத்துக்கு வாங்கினேன். “மேடம், 50 டன்னுங்க, லாரியையே தூக்கும், பலகைக்கு இது ரொம்ப ஜாஸ்தி” என்றார். யாருக்குமே 50 டன் என்றால் பெரிதாகத்தான் தெரியும். ஆனால் கணக்கு அப்படி இல்லை. துகள் பலகைக்கு, அதாவது பார்ட்டிகிள் போர்டுக்கு, சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 25 முதல் 35 கிலோ அழுத்தம் வேண்டும். இரண்டு அடி என்பது 61 சென்டிமீட்டர். 61ஐ 61ஆல் பெருக்கினால் 3,721 சதுர சென்டிமீட்டர். ஒன்றுக்கு 30 கிலோ என்று வைத்தாலே 111 டன் ஆகிறது. என் 50 டன் பிரஸ் அந்த அளவுப் பலகைக்குக் கொடுப்பது 13 கிலோதான். விளைவு என்னவென்றால், 12 மில்லிமீட்டர் வர வேண்டிய பலகை 18, 19 என்று நின்றது, ஓரத்தைக் கையால் பிய்த்தால் உதிர்ந்தது. நான் பசையைத்தான் சந்தேகப்பட்டேன். பசையை மாற்றி மாற்றி எவ்வளவோ பணம் போன பிறகு, மன்னார்குடியில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒரு அண்ணன்தான் ஒரு சிகரெட் அட்டையில் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினார். அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் விற்றவருக்குப் போன் பண்ணினேன், அவர் எடுக்கவில்லை. மெஷின் கொட்டேஷன் வாங்கும்போது டன்னைப் பலகையின் பரப்பால் வகுத்துப் பாருங்கள், வேறு எந்தப் பேச்சும் வேண்டாம்.

வெப்பத்தையும் நீங்களே அளந்து பாருங்கள். டிஸ்ப்ளேயில் 180 என்று எரியும், அது ஹீட்டர் பக்கத்தில் இருக்கிற சென்சாரின் கணக்கு. நான் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தபோது தட்டின் நடுவில் 170, மூலையில் 140. மூலைகள் ஏன் வேகாமல் வருகின்றன என்பது அப்போதுதான் புரிந்தது. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் அவர்கள் பட்டறையிலேயே, நீங்கள் கொண்டுபோன உங்கள் வைக்கோலில், உங்கள் பசையில் ஒரு பலகை அழுத்திக் காட்டச் சொல்லுங்கள். அவர்கள் ஏற்கெனவே செய்து வைத்திருக்கும் வழுவழு மாதிரியைக் காட்டினால் நம்ப வேண்டாம். மரத்தூளும் யூரியா பசையும் போட்டால் யார் பிரஸ்ஸிலும் அது வரும்.

மின்சாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. டெல்டாவில் நம்மில் பலருக்கு மோட்டார் கொட்டகையில் இலவச மின்சாரம் இருக்கிறது. பக்கத்திலேயே கம்பி போகிறதே, அதிலேயே பிரஸ்ஸைப் போட்டுவிடலாம் என்று யோசனை சொல்வார்கள். எனக்கும் சொன்னார்கள். அது விவசாயத்துக்கு மட்டும் கொடுத்த இணைப்பு, பிடிபட்டால் அபராதம், இணைப்பும் போகும். தொழிலுக்குத் தனி மும்முனை இணைப்பு வாங்க வேண்டும். அதற்கான டெபாசிட், போஸ்ட், வயரிங் எல்லாம் சேர்த்து எனக்கு 60 ஆயிரத்துக்கு மேல் ஆனது. இணைப்பு வருகிற வரை மெஷின் தார்ப்பாய்க்குள் சும்மா கிடந்தது, நகைக் கடன் வட்டி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

பசைதான் இந்தத் தொழிலின் உயிர். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வழக்கமான துகள் பலகையில் யூரியா ஃபார்மால்டிஹைடு பசை போடுகிறார்கள். மலிவு, சீக்கிரம் இறுகும், ஆனால் பலகையிலிருந்து ஃபார்மால்டிஹைடு கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றில் வந்துகொண்டே இருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் உள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது. புது பீரோவைத் திறந்தால் கண் எரிகிறதே, அந்த வாடைக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். நான் இந்த வேலையில் இறங்கியதே அது இல்லாத பலகை செய்ய வேண்டும் என்றுதான். என் மூத்த பிள்ளைக்கு மூச்சிரைப்பு உண்டு.

மரவள்ளி மாவிலும் புளியங்கொட்டை மாவிலும்தான் ஆரம்பித்தேன். இரண்டும் கைக்கு எட்டுகிற பொருள், விலை குறைவு, நன்றாகவே ஒட்டும். பலகை காய்ந்த நிலையில் பார்க்க அவ்வளவு அழகு. ஒரு துண்டை வாளித் தண்ணீரில் போட்டுவிட்டுக் காலையில் பார்த்தால் பலகை இல்லை, அடியில் வைக்கோல் கிடக்கிறது. ஸ்டார்ச் தண்ணீரில் கரையும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் நம் ஊர்க் காற்றில் இருக்கிற ஈரமே அதற்குப் போதும். கொட்டகையில் அடுக்கி வைத்த பலகைகள் அடைமழை முடிவதற்குள் வளைந்து, மேலே வெள்ளைப் பூஞ்சை பூத்தன. பிறகு வெந்நீரில் கரைத்த போராக்ஸ் கொஞ்சம் சேர்த்தேன். பூஞ்சையும் கரையானும் குறைந்தன, ஆனால் தண்ணீர் தாங்கும் குணம் பெரிதாக வந்துவிடவில்லை.

அடுத்தது சோயா மாவு. எண்ணெய் எடுத்த சோயா மாவைக் காஸ்டிக் சோடாத் தண்ணீரில் கலந்தால் அதன் புரதம் விரிந்து பசையாகும். இது புதுக் கண்டுபிடிப்பு இல்லை, ஃபார்மால்டிஹைடு பசை வருவதற்கு முன்பு பிளைவுட்டுக்குப் புரதப் பசைதான். அமெரிக்காவில் ஒரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கடல் மட்டி பாறையில் ஒட்டிக்கொள்வதைப் பார்த்து ஒரு சோயா பசையை உருவாக்கினார்கள், அங்கே 2000களின் நடுவிலிருந்து பிளைவுட்டில் அது பயன்படுகிறது. ஆனால் அதிலும் புரத இழைகளை ஒன்றோடொன்று பிணைத்துக் கெட்டியாக்க ஒரு செயற்கைப் பிசின் சேர்க்கிறார்கள். நூற்றுக்கு நூறு தாவரப் பசை, தண்ணீரும் தாங்கும் என்று யாராவது சொன்னால் எதைச் சேர்க்கிறீர்கள் என்று விடாமல் கேளுங்கள். காஸ்டிக்கைக் கையாளும்போது கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். அலுமினியப் பாத்திரத்தில் கலக்கவே கூடாது, பாத்திரத்தையே அரித்துவிடும். எப்போதும் தண்ணீரில்தான் காஸ்டிக்கைப் போட வேண்டும், காஸ்டிக்கின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது.

சோயா பசையில் என்னைப் படுத்தியெடுத்தது அதில் இருக்கிற தண்ணீர். 12 மில்லிமீட்டரில் இரண்டுக்கு இரண்டு பலகைக்குச் சுமார் 3 கிலோ வைக்கோல் தூள் வேண்டும். பத்து சதவீதம் பசை என்றால் 300 கிராம் சோயா. அதைத் தெளிக்கிற பதத்துக்குக் கரைத்தால் 900 கிராம் தண்ணீர் ஆகிவிடுகிறது. வெயிலில் காய்ந்த வைக்கோலிலேயே 300 கிராம் ஈரம் இருக்கிறது. ஆக 3 கிலோ வைக்கோலுக்கு ஒன்றே கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர். இதை 160 டிகிரி தட்டுகளுக்கு நடுவில் அடைத்தால் அத்தனையும் ஆவி. அழுத்தத்தை விட்ட நொடியில் டப் என்று ஒரு சத்தம், பக்கவாட்டில் ஆவி சீறும், பலகை பூரி மாதிரி நடுவில் உப்பி இரண்டாகப் பிளந்துவிடும். முதல் தடவை அந்த ஆவி என் முழங்கையில் அடித்தது, தழும்பு இன்னும் இருக்கிறது. வெந்துபோனது கையைவிட மனசுதான். யாரிடம் போய்ச் சொல்வது? வீட்டுக்காரர் சிங்கப்பூரில். ராத்திரி போனில் அவரிடம் “நல்லாப் போகுது” என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவேன்.

தீர்வு இதுதான். வைக்கோல் தூளைப் பிரஸ்ஸுக்கு முன்னால் நாலைந்து சதவீத ஈரத்துக்கு இறக்க வேண்டும். அதன் மேல் கொஞ்சம் தண்ணீரில் கரைத்த காஸ்டிக்கை மட்டும் பனிபோல் தெளித்து, சோயா மாவைக் காய்ந்த மாவாகவே தூவிப் பிசற வேண்டும். 3 கிலோவுக்கு 300 கிராம் தண்ணீருக்கு மேல் போகாது. கலவையைக் கையில் பிடித்து இறுக்கினால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலில் ஈரம் ஒட்டக் கூடாது. மொத்த ஈரம் பன்னிரண்டு, பதிமூன்று சதவீதத்துக்குள் இருந்தால் வெடிப்பதில்லை. அடியில் ஒரு எஸ்எஸ் (துருப்பிடிக்காத எஃகு) வலையைப் போட்டால் ஆவி வெளியேற வழி கிடைக்கும். நேரம் முடிந்ததும் அழுத்தத்தை ஒரேயடியாக விடாமல் பாதிக்கு இறக்கி, நிறுத்தி, இன்னும் இறக்கி, சீறல் அடங்கிய பிறகுதான் திறக்க வேண்டும்.

ஈரத்தை எப்படி அளப்பது? கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது என்று நம் நெல்லைத் திருப்பி அனுப்பும்போது பார்க்கிறோமே, அந்த மீட்டர் நெல்லுக்கென்று அளவு வைத்தது, வைக்கோல் தூளுக்குப் பொய் சொல்லும். ஒரு சின்ன ஓடிஜி அடுப்பும் கிராம் தராசும் போதும். 100 கிராம் தூளை 105 டிகிரியில் வைத்து, எடை இனிக் குறையவில்லை என்கிற வரை காய வைத்து நிறுங்கள். 90 கிராம் நின்றால் 10 கிராம் தண்ணீர். இதைத் தானியக் கணக்கில் 10 சதவீதம் என்போம், பலகைத் தொழிலில் காய்ந்த எடையால் வகுத்து 11 சதவீதம் என்பார்கள். எந்தக் கணக்கில் பேசுகிறார்கள் என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெடிப்பது நின்ற பிறகும் பலகை உறுதியாக இல்லை. காரணம் வைக்கோலின் மேல் தோல். ஒரு வைக்கோல் தாளின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், ஊறாமல் உருண்டு விழும். மேலே மெழுகும் சிலிக்காவும் சேர்ந்த ஒரு பூச்சு, தண்ணீரில் கரைந்த எந்தப் பசையும் அதில் சரியாகப் பிடிக்காது. வெளிநாட்டில் பெரிய ஆலைகள் வைக்கோலுக்கு ஐசோசயனேட் பசை போடுவது இதனால்தான். அது தாவரப் பசை இல்லை, விலை அதிகம், பிரஸ் தட்டிலேயே ஒட்டிக்கொள்ளும், ஆவியை சுவாசித்தால் ஆஸ்துமா வரலாம். கலிபோர்னியாவில் வில்லோஸ் என்ற ஊரில் நெல் வைக்கோலிலிருந்து எம்டிஎஃப் (நாரை அழுத்திச் செய்யும் பலகை) செய்ய கால்பிளான்ட் என்ற கம்பெனி கோடிக்கணக்கான டாலரில் ஆலை கட்டியது. அவர்களே 2021இல் திவால் மனு கொடுத்தார்கள். அதைப் படித்த அன்று எனக்குப் பயமும் வந்தது, ஒரு வகையில் ஆறுதலாகவும் இருந்தது. நான் மட்டும் முட்டாள் இல்லை, பொருளே முரட்டுப் பொருள் என்று புரிந்தது. கையில் செய்யக்கூடியது, தாளை நெடுக்காகக் கிழிகிற அளவுக்கு அரைத்து உள்பக்கத்தை வெளியே கொண்டுவருவதுதான். எனக்கு 5 மில்லிமீட்டர் சல்லடை சரியாக வந்தது. அதைவிடப் பொடியானால் தூள் பசையை எல்லாம் குடித்துவிடும்.

நிஜமான முன்னேற்றம் தேங்காய் மட்டையால் வந்தது. நெதர்லாந்தின் வாஹெனிங்கனில் ஆய்வாளர்கள் தேங்காய் மட்டையை நார், நாருக்கு நடுவில் இருக்கும் சோறு எல்லாவற்றோடும் முழுசாக அரைத்து, பசையே சேர்க்காமல் சூட்டில் அழுத்திப் பலகை செய்து 2004இல் வெளியிட்டிருக்கிறார்கள். மட்டையில் லிக்னின் என்கிற, தாவரத்துக்கு உறுதி தரும் பொருள் அதிகம், சூட்டில் அதுவே இளகிப் பசையாகிவிடுகிறது. பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் மட்டை மலை மலையாகக் கிடக்கிறது. வைக்கோல் ஆறு பங்கு, காய்ந்த மட்டைத் தூள் நாலு பங்கு, சோயா எட்டு சதவீதம் என்று போட்டேன். தட்டைச் சரிசெய்து வெப்பத்தை எல்லா இடத்திலும் 170க்குக் கொண்டுவந்த பிறகு அழுத்திய பலகையைத் தட்டிப் பார்த்தால் கணீரென்று சத்தம் வந்தது. ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் கிடந்தும் கரையவில்லை, தடிமன் மட்டும் கொஞ்சம் ஏறியது. அன்றைக்கு அழுதேன், வேலைக்கு வந்த அக்காவும் சேர்ந்து அழுதார்.

இன்னும் இரண்டு பசைகளைப் பற்றி விசாரிப்பீர்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். பண்ருட்டி முந்திரித் தொழிற்சாலைகளில் கிடைக்கும் முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெய் நல்ல மூலப்பொருள்தான், ஆனால் அதிலிருந்து செய்கிற பிசினில் பெரும்பாலும் ஃபார்மால்டிஹைடு சேர்கிறது, பச்சை எண்ணெய் தோலில் பட்டால் கொப்பளித்துவிடும். சிட்ரிக் அமிலமும் சர்க்கரையும் சேர்த்து ஜப்பானில் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் நல்ல பலகை செய்திருக்கிறார்கள். அதற்கு 200 டிகிரி தேவை, இரும்புத் தட்டையும் அரிக்கும். என் பிரஸ்ஸுக்கு அது ஒத்துவரவில்லை.

நடுவில் பசை வியாபாரி ஒருவர் சொன்னது மறக்கவில்லை. “எதுக்குக்கா கஷ்டப்படுறீங்க, பாதிக்குப் பாதி யூரியா கோந்து கலந்துடுங்க, யாருக்குத் தெரியப்போகுது.” தாவரப் பசை என்று சொல்லி விற்றுவிட்டு அதைக் கலப்பது என்னால் முடியாது. வாங்குகிறவர் குழந்தை படுக்கிற அறையில் அதை வைப்பார். இன்னொரு விஷயமும் இருக்கிறது. மானிய விலை யூரியா மூட்டைகள் இந்த மாதிரிப் பசைத் தொழிலுக்குத் திருட்டுத்தனமாகப் போவதைத் தடுக்கவும்தான் 2015இல் எல்லா யூரியாவிலும் வேப்பெண்ணெய் பூசச் சொன்னார்கள். மேலுரத்துக்கு யூரியா கிடைக்காமல் சொசைட்டி வாசலில் வரிசையில் நின்ற குடும்பத்திலிருந்து வந்தவள் நான். மலிவுக் கோந்து என்று யாராவது நீட்டினால் அதன் யூரியா எங்கிருந்து வந்தது என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

அரசு மானியத்துக்குப் போனபோதுதான் அடுத்த அடி. பிஎம்இஜிபி என்கிற, பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் கிராமப்புறப் பெண்களுக்குத் திட்டச் செலவில் 35 சதவீதம் மானியம் உண்டு, நம் கைப்பணம் 5 சதவீதம் போட்டால் போதும். ஆனால் அது புதிய தொழிலுக்கு மட்டும். நான் சொந்தக் காசில் மெஷின் வாங்கி ஓட்டிவிட்டதால் கிடைக்காது என்று சொல்லிவிட்டார்கள். ஊரில் ஒருவர்கூட இதை முன்னாடி சொல்லவில்லை. எனவே வரிசை இதுதான்: முதலில் மாவட்டத் தொழில் மையம், பிறகு வங்கி ஒப்புதல், அதற்குப் பிறகுதான் மெஷின். அந்த மானியமும் உடனே கைக்கு வராது, மூன்று ஆண்டுகள் உங்கள் பெயரில் வங்கியில் டெபாசிட்டாக இருந்து பிறகுதான் கடனில் கழியும். துகள் பலகைக்கு ஐஎஸ் 3087 என்ற தரநிலை இருக்கிறது. இந்த வகைப் பலகைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரையைக் கட்டாயமாக்கும் தரக் கட்டுப்பாட்டு ஆணையும் வந்திருக்கிறது. சிறு தொழில்களுக்கு அதில் என்ன சலுகை, எந்தப் பொருளுக்குப் பொருந்தும் என்பதை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தில் எழுத்தில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக விலை. இரண்டுக்கு இரண்டு, 12 மில்லிமீட்டர் பலகைக்கு மூலப்பொருள், கரண்ட், கூலி எல்லாம் சேர்த்து எனக்கு 130 ரூபாய்க்கு மேல் அடக்கமானது. கடையில் அதே அளவு சாதாரணப் பலகையை 100, 110க்குக் கொடுக்கிறார்கள். சதுர அடிக் கணக்கில் பெரிய ஆலையோடு போட்டி போட நம்மால் முடியாது. எங்கள் தச்சர் அண்ணனும் ஸ்க்ரூ பிடிமானத்தைப் பார்த்துவிட்டு, “கதவு, அலமாரிக்கு ஆகாதும்மா, சுவத்துல சாய்ச்சு வைக்கிற பொருளுக்கு ஓகே” என்று உள்ளதை உள்ளபடி சொன்னார். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் தஞ்சாவூரில் படச் சட்டக் கடைகளுக்குப் போனேன். தெற்கு வீதி, கீழ வீதி என்று ஒவ்வொரு கடையாகச் சாம்பிளை வைத்துப் பேசியதில் சிலர் படத்துக்குப் பின்பக்கம் அடிக்க மெல்லிய பலகை கேட்டார்கள்.

அது என் மெஷினுக்கும் பொருந்தி வந்தது. ஒன்றுக்கு ஒன்றரை அடி என்றால் பரப்பு சுமார் 1,400 சதுர சென்டிமீட்டர்தான், அதற்கு அதே 50 டன் பிரஸ் 35 கிலோ வரை கொடுக்கிறது. 6 மில்லிமீட்டர் என்பதால் உள்ளே சிக்கும் ஆவியும் குறைவு, நேரமும் பாதி. தடிமன் ஒரே மாதிரி வர இரண்டு பக்கமும் 6 மில்லிமீட்டர் இரும்புப் பட்டை வைத்து அழுத்துகிறேன். ஒரு பலகைக்கு 600 கிராம் கொஞ்சம் மேலே கலவை போகிறது. இப்போது சட்டக் கடைகளுக்கும், ஒரு பள்ளிக்கு அறிவிப்புப் பலகைக்கும், கொலு நேரத்தில் பொம்மை பேக்கிங் தட்டுக்கும் கொடுக்கிறேன். ஐப்பசி முதல் மார்கழி பாதி வரை உற்பத்தியை நிறுத்திவிடுகிறேன், அந்த ஈரத்தில் காய வைக்கிற செலவு கட்டுப்படியாகாது. ஆர்டர் எடுக்கும்போது எங்கே வைக்கப் போகிறீர்கள் என்று கேட்கிறேன். சமையலறை, குளியலறை, வெளிச்சுவர் என்றால் தர மாட்டேன் என்று சொல்லிவிடுகிறேன். பில்லிலும் எழுதிக் கொடுக்கிறேன், தண்ணீர் படும் இடத்துக்கு ஆகாது என்று. மாதம் செலவு போக நிற்பது இப்போதைக்கு நகை வட்டியும் அக்கா கூலியும் கட்டி, கொஞ்சம் மிச்சம். அடுத்த சம்பா வைக்கோலுக்கு இந்த முறை அறுவடைக்கு முன்பே பக்கத்து வயல்காரர் மூவரிடம் விலை பேசி முன்பணம் கொடுத்திருக்கிறேன். பேலர்காரரிடம் நைலான் வேண்டாம், சணல் கயிற்றில் கட்டித் தாருங்கள் என்றும் சொல்லி வைத்திருக்கிறேன்.